முறுக்காமல் விட்ட நட்டு

மகனே தீபா, சாப்பிட்டுவிட்டு இதைப் படி. வெறும் வயிற்றோடு படித்தால் உனக்குக் கோபம்தான் ஏறும், விஷயம் ஏறாது. அந்த ஒன்றில் நீ அப்படியே உன் அப்பா. குழம்பு அடுப்பில் இருக்கிறது, மீன் பொரித்து மூடி வைத்திருக்கிறேன்.

நேரிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். ஆயுத பூஜை முடிந்த நாளிலிருந்து நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் நீ "விடும்மா" என்று சொல்லி ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறாய். ஹெல்மெட்டுக்குள் போய்விட்ட காதோடு எந்த அம்மாவாலும் பேச முடியாது. கார்த்திகையில் உனக்குக் கல்யாணம். அதன் பிறகு நீயும் மலரும் செமோரில் தனிக்குடித்தனம். அப்போது நான் இந்தப் பேச்சை எடுத்தால் மாமியார் மூக்கை நுழைக்கிறாள் என்று ஆகிவிடும். இப்போது நான் உனக்கு அம்மா மட்டும்தான், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்று சாயங்காலம் மலர் இங்கே வருகிறாள். அவள் வருவதற்குள் நீ இதைப் படித்து முடித்திருக்க வேண்டும்.

பேச்சு உன் மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான். வேறு எதைப் பற்றி இந்த வீட்டில் பேசியிருக்கிறோம்? உன் ஸ்பானர் பெட்டி உனக்கு மூத்த சம்சாரம், மலர் இரண்டாவதாகத்தான் வருகிறாள் என்று நானே உன்னைக் கேலி செய்திருக்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் போர்ச்சில் உட்கார்ந்துவிடுவாய். எஞ்சின் எண்ணெய் மாற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது, செயினை இறுக்குவது எல்லாம் நீயேதான். போனில் யாரோ ஒரு பிலிப்பைன்ஸ்காரன் கழற்றிக் காட்டுவதைப் பார்த்துப் பார்த்து நீயும் கழற்றுவாய். பக்கத்து வீட்டார் என்னிடம் வந்து, "ஒங்க மகன் கெட்டிக்காரன்க்கா" என்று சொல்லும்போது நான் வெளியே காட்டிக்கொள்ளமாட்டேன், ஆனால் அன்று சாம்பாரில் ஒரு பிடி காய் கூடவே விழும். உன் கை நல்ல கை. இந்தக் கடிதத்தில் நான் எங்கே எப்படித் திட்டினாலும் அதை நீ மறக்காதே.

உன் அப்பா ஏன் மோட்டாரைப் பிறத்தியார் தொடவிடமாட்டார் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. மிச்சம் பிடிக்கத்தான் என்று நினைக்கிறாய். நாங்கள் கல்யாணம் ஆன புதிதில் செமோருக்கு உள்ளே ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவின் மோட்டார் கெட்டால் தள்ளிக்கொண்டு டவுனுக்குப் போக வேண்டும். அங்கே இருந்த பட்டறையில் தோட்டத்து ஆள் என்றால் கடைசியில்தான் பார்ப்பார்கள். பின்னால் வந்தவனெல்லாம் வேலை முடித்துப் போய்க்கொண்டிருப்பான், உன் அப்பா ஓரமாக நிற்பார். ஒரு தடவை நானும் கூட நின்றேன். அந்தக் கடைக்காரன் உன் அப்பாவைப் பார்த்து, "தோட்டத்துல மாடு வச்சிருப்பியே, அத ஓட்டிக்கிட்டு வர வேண்டியதுதானே" என்றான். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். உன் அப்பா மோட்டாரைத் தள்ளிக்கொண்டு திரும்பிவிட்டார். அன்றோடு சரி. முதலாளி தோட்டத்தை விற்று அங்கே வீடுகள் கட்ட ஆரம்பித்து, நாங்கள் ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்குக் குடிவந்து, அவர் லோரி ஓட்டப் போன பிறகும் அந்த வைராக்கியம் போகவில்லை. நீ அதைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் அவருக்கு அது அவமானத்தில் வந்தது, உனக்கு அது பெருமையாகிவிட்டது. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ராஜு அண்ணன் கதைக்கு வருகிறேன். முகத்தைச் சுளிக்காதே. செமோர் மெயின் ரோட்டில் மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் அந்த ஃபோமேன் ஒரு காலத்தில் நம் வீட்டில் கைநனைத்தவர். நீ அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாய். அப்பா லோரியில் வெளியூர் போயிருந்தபோது உன் மோட்டாரை அவரிடம்தான் விட்டோம். அவர் உன்னைக் கேட்காமலே செயினையும் பல்சக்கரத்தையும் மாற்றிவிட்டார். நீ பழைய செயினை வீட்டுக்குக் கொண்டுவந்து, தூக்கிப் பிடித்து, இன்னும் எத்தனையோ மாசம் ஓடும் இது என்று குதித்தாய். கேட்காமல் மாற்றியது அவர் தப்புதான், நான் அன்றே சொன்னேன். அதை நேரில் போய்ச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். நீ செயினையும் அவர் கடைப் பலகையையும் படம் எடுத்து, இந்த ஃபோமேனிடம் யாரும் மோட்டாரை விடாதீர்கள் என்று ஊரே பார்க்கும்படி போனில் போட்டுவிட்டாய். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. கோயில் வாசலில் வைத்து உன்னை என்னவெல்லாம் சொன்னார் என்பது எனக்கும் தெரியும். அதிலிருந்து இரண்டு வீட்டாரும் எதிரெதிரே வந்தால் தரையைப் பார்த்துக்கொண்டு போகிறோம்.

அந்தச் சண்டைக்குப் பிறகுதான் நீ மலரைப் பார்த்தாய். தஞ்சோங் ரம்புத்தானில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே அவள் மோட்டார் மழையில் நின்றுபோக, நீ இறங்கி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டு ஓட வைத்தாய். அவள் என்னிடம் முதல்முதலாகப் பேசியதே அதைப் பற்றித்தான். கையெல்லாம் கறையோடு நின்ற உன்னைப் பார்த்ததும் இந்த ஆளை நம்பலாம் என்று தோன்றியதாம். எனக்கு அப்போது நெஞ்சு குளிர்ந்தது. இப்போது அதையே நினைத்தால் பயமாக இருக்கிறது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

ஆயுத பூஜையன்று சாயங்காலம் நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய், ஆனாலும் நான் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். நீ போர்ச்சில் பின் சக்கரத்தைக் கழற்றி பிரேக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தாய். நான் உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டே, நேரமாகிறது, ஆயுதமெல்லாம் கழுவ வேண்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். உன் அப்பா ஜொகூருக்கு லோரி ஏற்றிக்கொண்டு போயிருந்தார், அதனால் எல்லா வேலையும் என் தலையில். நீ சக்கரத்தை மாட்டி, அச்சு நட்டைக் கையால் சுற்றிவிட்டுக் குளிக்கப் போனாய். நான் வந்து ஸ்பானர்களை வாரிக்கொண்டு போனேன். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, உன் அப்பாவின் லோரிக்கு உள்ள இன்னொரு சாவி, என் தையல் கத்தரிக்கோல் எல்லாவற்றோடும் சாமி முன்னால் அடுக்கினேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாய்.

"மா, பத்தொம்பதாம் நம்பர் ஸ்பானர மட்டும் குடு. பின்சக்கரம் இன்னும் முறுக்கல."

"சாமிகிட்ட வச்சாச்சு. பூஜைக்கு வச்சத எடுத்து வேல செய்வாங்களா? நாளைக்கிக் காலைல எடுத்துக்க."

நீ சிரித்தாய். சரி என்றாய். அந்த இடத்தில் நீ என்னோடு சண்டை போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறவன் அதற்கு மட்டும் சரி என்றாய். பிறகு இருவருமாக அந்த மோட்டாருக்கு மாலை போட்டோம், முன்விளக்கில் விபூதிப் பட்டை இழுத்தோம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நீ லேசாக முன்னால் தள்ளி நசுக்கினாய். முறுக்காத சக்கரத்துக்கு நான் கற்பூரம் காட்டி, என் பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். சாமிக்கே சிரிப்பு வந்திருக்கும்.

மறுநாள் காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோதே நீ கிளம்பிவிட்டாய். செமோரில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்த கடைக்குப் போய் அதை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து தஞ்சோங் ரம்புத்தான் போய் மலரை ஏற்றிக்கொண்டு, இருவருமாக சுங்கை சிப்புட்டில் அவள் பெரியப்பாவுக்கு முதல் பத்திரிகை வைப்பதாக ஏற்பாடு. நான் குளித்துவிட்டு விளக்கேற்றி, பூஜையைக் கலைக்கப் போனேன். ஒவ்வொரு சாமானாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தவள் அந்தப் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானரைக் கையில் எடுத்தேன். வாய்ப்பக்கத்தில் நான் வைத்த குங்குமம் அப்படியே இருந்தது. சந்தனம் காய்ந்து, கொஞ்சம்கூட உதிராமல் இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

ஸ்பானரைப் பிடித்தபடியே ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். உனக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. நீ ஓட்டும்போது எடுக்கமாட்டாய், அந்த நல்ல பழக்கத்தையும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். அப்பாவுக்கு அடித்து என்ன செய்வது, அவர் தெற்கே எங்கேயோ இருக்கிறார். அந்த ரோட்டில் கல்லுமலையில் கல் ஏற்றி வரும் லோரிகள் எப்படிப் போகும் என்பது உனக்குத் தெரியும். சக்கரம் விலகினால், செயின் கழன்று மாட்டிக்கொண்டால், பின்னால் வருகிறவனுக்குப் பிரேக் பிடிக்கக்கூட நேரம் இருக்காது. மலரை நீ ஏற்றிவிட்டாயா, இன்னும் இல்லையா என்று அதுவும் தெரியாது. அந்தப் பெண்ணின் அம்மா முகம் கண்முன்னால் வந்தது. அப்போதுதான் ராஜு அண்ணன் ஞாபகம் வந்தார். நீ போகிற வழியில் எனக்குத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான்.

எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று யோசிக்கவில்லை. என் போனில் அவர் நம்பர் இன்னும் இருந்தது. எடுத்தார். நான் யார் என்று சொன்னதுதான் தாமதம், பிடித்துக்கொண்டார். இன்னும் என்ன எழுத வேண்டியிருக்கிறது, கடையை மூடினால்தான் உங்களுக்குத் திருப்தியா என்று ஆரம்பித்து, உன் அப்பாவையும் சேர்த்துத் திட்டினார். நான் குறுக்கே பேசவில்லை. பேசினால் வைத்துவிடுவார் என்று பயம். ஒவ்வொரு வார்த்தைக்கும் நீ எவ்வளவு தூரம் போயிருப்பாய் என்றுதான் என் மனசு ஓடியது. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னேன்.

"அண்ணே, தீபன் பின்சக்கரத்து நட்ட முறுக்காம போய்ட்டான். கைல சுத்துனதோட இருக்கு. ஒங்க கடைப்பக்கம்தான் வாரான்."

"அலாமாக்" என்று பதறினார். அப்புறம், "என்னையப் பாத்தா நிக்கமாட்டான்லா தங்கச்சி. நான் கையக் காட்டுனா இன்னும் வேகத்த முறுக்குவான்" என்றார்.

"வேற யாரும் இல்லண்ணே எனக்கு."

போன் வைத்துவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நான் கேட்டுக்கு வெளியே போய் நின்றேன், உள்ளே வந்தேன், மறுபடி வெளியே போனேன். சாமி அறைக்குள் மட்டும் போகவில்லை. அங்கே போக எனக்குக் கோபமாக இருந்தது. சாமி மேல் கோபமா, என் மேல் கோபமா என்று கேட்காதே. எங்கேயோ ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அது செமோருக்கு எதிர்த்திசையில் ஈப்போ டவுன் பக்கம்தான் போனது, ஆனாலும் நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அந்த ரோட்டில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் அதை நான் அவர் பக்கத்திலிருந்து கேட்டேன், நீயும் ஒரு தடவை அந்தப் பக்கத்திலிருந்து கேள். நீ நிற்கமாட்டாய் என்று அவருக்குத் தெரிந்ததால் கடையில் கிடந்த பழைய டயர்களையும், ரிப்பேருக்கு வந்திருந்த இரண்டு மோட்டாரையும் ரோட்டு ஓரத்தில் குறுக்கே தள்ளியிருக்கிறார். காரில் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டியிருக்கிறான். நீ வந்தாய், வேகத்தைக் குறைத்தாய், அவரைப் பார்த்ததும் புல் பக்கமாக ஒடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்தாய். அவர் ஓடிவந்து உன் மோட்டாரின் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கினார். மோட்டார் சாய்ந்தது, அவர் முட்டி தரையில் தேய்ந்து சதை பிய்ந்தது. நீ எழுந்து அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாய். உன் அப்பா வயதுள்ள மனிதரைத் தள்ளினாய், தீபா. அவர் திருப்பி அடிக்கவில்லை, அடிக்கிற மாதிரி கையை ஓங்கினேன் என்று அவரே ஒத்துக்கொண்டார். பிறகு குனிந்து, இரண்டு விரலால் அந்த நட்டைச் சுற்றிக் கழற்றி உன் சீட்டின் மேல் வைத்தார். அம்மா போன் பண்ணியதாகச் சொன்னார். தன் ஸ்பானரை எடுத்து வந்து முறுக்கினார். போ என்றார், நீ போனாய்.

எனக்கு அவர் போன் பண்ணி, "முறுக்கிட்டேன், போய்ட்டான்" என்றார். நான் நன்றி சொன்னேனா என்பதுகூட ஞாபகமில்லை.

சாயங்காலம் நீ வந்தாய். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணும் ஆகலல்ல, விடும்மா" என்றாய். அதிர்ச்சியில் இருக்கிறான், தானே பேசுவான் என்று நானும் விட்டேன். மறுநாள்தான் மலர் எழுதியது என் போனுக்கு வந்தது. உன் பழைய படத்துக்குக் கீழேயே எழுதியிருந்தாள். தான் கட்டிக்கொள்ளப் போகிறவரை அந்த ஃபோமேன் பழைய பகையை மனசில் வைத்து நடுரோட்டில் மறித்துக் கீழே தள்ளினான், இவன் கடைக்கு யாரும் போகக் கூடாது என்று. கீழே எத்தனை பேர் வசை! ஒருவன் கடையைக் கொளுத்த வேண்டும் என்கிறான். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சொன்னதை நம்பி, உனக்காகப் பொங்கி எழுதியிருக்கிறாள். தாமதமாகப் போனதற்கும் சட்டையில் மண் இருந்ததற்கும் நீ அவளிடம் சொன்ன காரணம் அது. அவளை அரை மணி நேரத்தில் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டிய சக்கரம் எப்படி இருந்தது என்பதை மட்டும் நீ சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரிகிறது. அவள் நம்பியது உன் கையை. அந்தக் கை ஒரு நட்டை மறந்தது என்று தெரிந்தால் உன் மேல் இருக்கும் மதிப்பு இறங்கிவிடும் என்று பயந்தாய். பயந்தவன் என் மேல் பழியைப் போட்டிருக்கலாமே. என் அம்மா ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டாள் என்று சொல்லியிருந்தால் பாதி உண்மையாவது இருந்திருக்கும். நான் பிடுங்கியது நிஜம். நான் பூஜைக்கு வைத்ததற்கு வருத்தப்படமாட்டேன். அடுத்த வருஷமும் வைப்பேன், ஆனால் வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு வைப்பேன். நான் என் பங்கை எடுத்துக்கொண்டேன். உன் பங்கை ராஜு அண்ணன் தலையில் கட்டிவிட்டாயே.

உன் அப்பா திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போர்ச்சுக்குப் போய் தன் மோட்டாரில் இருக்கிற நட்டையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் இருவருமாகச் செமோர் போனோம். ராஜு அண்ணன் முட்டியில் கட்டோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கடையில் யாரும் இல்லை. எங்களை உட்காரச் சொல்லவும் இல்லை. அவரும் லேசுப்பட்டவர் இல்லை என்று முன்பே சொன்னேன். உன் அப்பா தன் மோட்டார் சாவியை எடுத்து அவரிடம் நீட்டி, "பின்சக்கரம் ஒரு பக்கமா இழுக்குது, பாரு" என்றார். அந்த மோட்டார் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், ராஜு அண்ணனுக்கும் தெரியும். அவர் சாவியை வாங்கிக்கொண்டார். வேலை முடித்து, முறுக்கிய நட்டின் மேல் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு இழுத்தார். கோடு விலகினால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடுமாம். வரும் வழியெல்லாம் உன் அப்பா, "வேல சுத்தம், வாய்தான் தாங்கல" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

கிளம்பும்போது ராஜு அண்ணன் என்னிடம் சொன்னதை மட்டும் அப்படியே எழுதுகிறேன். "கல்யாண மண்டபத்துக்கு வந்து நான் கலாட்டா பண்ணமாட்டேன் தங்கச்சி. ஆனா கடைக்கி வர்றவன் கேட்டா, நடந்தத நடந்தபடி சொல்லுவேன். எனக்கும் வயிறு இருக்குலா." அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இது செமோர். நாளைக்கு நீங்கள் குடித்தனம் வைக்கப் போகிற ஊர். கோழி வாங்கப் போகிற இடத்தில் யாரோ ஒருத்தி மலரிடம் இதைச் சொல்லத்தான் போகிறாள்.

சொந்தக் கையால் செய்வது நல்லதா, கூலி கொடுத்து ஃபோமேனிடம் விடுவது நல்லதா என்று நம் வீட்டில் வருஷக்கணக்காகப் பட்டிமன்றம் நடக்கிறது. நடுவராக இருக்க என்னை யாரும் கூப்பிட்டதில்லை. இந்த வீட்டில் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனவள் நான் ஒருத்திதான், ஆனாலும் கேட்டதில்லை. இப்போது நானே சொல்கிறேன். நீ தாராளமாக உன் மோட்டாரை நீயே செய். உன்னுடையது என்ற அக்கறை உனக்கு இருக்கும், ஃபோமேனுக்கு அது பத்தோடு பதினொன்று. ஆனால் ஃபோமேன் தப்புச் செய்தால் சட்டையைப் பிடிக்க ஆள் வருகிறது. உன் தப்பை யார் வந்து கேட்பார்கள்? நீ செய்ததை நீயே பார்த்தால் கண் சரியென்றுதான் சொல்லும். நீ முறுக்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு தூங்கி எழுந்து கிளம்பிவிட்டாய், பார். சக்கரம், பிரேக் என்று உயிர் தொங்குகிற வேலை எதுவானாலும் முடித்த பிறகு இன்னொருவர் கண்ணில் காட்டு. அந்த வெள்ளைக் கோட்டையாவது போடப் பழகு. இதில் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

உன் அப்பாவும் தப்பாக ரிப்பேர் செய்தவர்தான். நீ என் வயிற்றில் இருந்த சமயம், தோட்டத்து மேட்டில் இருந்து செம்மண் ரோட்டில் இறங்க வேண்டும். அவர் முதல்நாள்தான் பிரேக்கைப் பிரித்து மாட்டியிருந்தார். நான் ஏறப் போனபோது தடுத்தார். "பிரேக்கு சரியா புடிக்கல, நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன். நீ நடந்து வா, நான் தள்ளிக்கிட்டு வாரேன்" என்றார். வெயில், எனக்குத் தலை சுற்றல், வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிக்கொண்டே அந்த மேட்டை நடந்து இறங்கினேன். பெரிய ஃபோமேன் என்று நினைப்பு என்றெல்லாம் சொன்னேன். அவர் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அவர் மேல் இருந்த நம்பிக்கை அன்று குறையவில்லை. அதற்குப் பிறகு அவர் ஏறு என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன், ஏறக்கூடாது என்றால் சொல்லிவிடுவார் என்று தெரியும்.

நேற்று நீ வேலைக்குப் போயிருந்தபோது மலர் ரவிக்கை அளவு கொடுக்க வந்தாள். நான் டேப்பை அவள் தோளில் வைத்து அளந்துகொண்டிருந்தேன். சும்மா பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அத்த, மாமாவே ரிப்பேர் பண்ற மோட்டார்ல இத்தன வருஷமா பின்னால ஒக்காந்து போறீங்களே, பயந்ததே இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன், அது நிஜம். "அப்ப நானும் இவர் மோட்டார்ல கண்ண மூடிக்கிட்டு ஏறலாம்ல?" என்று சிரித்தாள்.

ஏறலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரவில்லை, தீபா. டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "அத அவன்கிட்டயே கேளும்மா. சிரிச்சுக்கிட்டே சொன்னா நம்பாத" என்றேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, நாளைக்குச் சாயங்காலம் வருகிறேன் அத்தை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவள் புத்திசாலிப் பெண்.

அவள் கேட்பாள். நீ என்ன சொன்னாலும் நான் இடையில் வரமாட்டேன், அடுப்படியில்தான் இருப்பேன். நீ சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று மிரட்டவும் இல்லை. நீ பொய்யே சொன்னாலும் உன் கல்யாணத்தில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உன் பக்கத்தில் நிற்பேன், உன் தலையில் அட்சதை போடுவேன், பெற்ற கடனுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டேன். ஆனால் கல்யாணம் முடிந்து அவள் உன் பின்னால் ஏறி உட்காரும்போது, வாசலில் நின்று சிரித்துக்கொண்டே கையாட்ட மட்டும் என்னைக் கூப்பிடாதே. என்னால் முடியாது.

அம்மா